ஒதெல்லோ நாடகத்தில் ஒரு பலபொருட்சொல்

1. தோற்றுவாய்

ஒரு சொல் பல பொருள் தருதல் எல்லா மொழிகட்கும் பொதுவாகிய இயல்பு. திவாகரமும் சூடாமணி நிகண்டும் தம் பதினோராம் தொகுதியை இத்தகைய சொற்களுக்கே உரிமையாக்கியுள்ளன. ஆங்கிலத்திலும் இவை மிகப் பல. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்னும் வினைச்சொல் 430 பொருட்பிரிவுகளைப் பெற்றிருந்தது. அடுத்த பதிப்பிற்கெனத் திருத்தம் செய்தபோது ‘ரன்’ என்னும் வினைச்சொல் 645 பிரிவுகளைப் பெற்று அதனை விஞ்சியது என்பது 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இவ்வெண்களைக் கண்டு வியத்தல் இயல்பே. எனினும் பொருட்பெருக்கம் ஒன்றே ஒரு சொல்லைத் திறனாய்வுக்கு உரியதாக்கிவிடாது. மாந்தன் ஓடுவதையும், ஆறு பாய்வதையும், வணிகன் கடை நடத்துவதையும் ‘ரன்’ என்னும் ஒரு சொல்லே உணர்த்துகின்றது. ஆயினும் கேட்போன் மயங்குவதில்லை. ஆறு என்றவுடன் கடை நடத்துதலும், கடை என்றவுடன் நீர்ப்பாய்ச்சலும் தாமே விலகிவிடுகின்றன. பொருள்கள் எத்துணையாயினும் அவை ஒன்றனையொன்று தீண்டாமல் வாழ்கின்றன.

யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட ‘ஆனஸ்ட்’ என்னும் பெயரடை அத்துணைப் பெருக்கமுடையதன்று. பள்ளிச் சிறுவரும் அறிந்த எளிய சொல். அகராதியில் சிறிதளவு இடமே கொள்வது. ஆனால் இதன் பொருள்கள் ஒன்றனையொன்று தீண்டுவன. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தில் ஒரு குற்றமற்ற பெண்ணின் உயிர் இச்சொல்லின் மயக்கத்தால் போகின்றது. அம்மயக்கம் எவ்வாறு நிகழ்கின்றது, அதனை ஆராய்ந்த அறிஞர் கூற்று எவ்வளவில் பொருந்தும், தமிழில் பெயர்ப்போர் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றனையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. சொல்லின் வரலாறு

‘ஆனஸ்ட்’ என்பது இலத்தீன் மொழியில் ‘மதிப்பு, பெருமை’ எனப் பொருள்படும் சொல்லின் அடியாகப் பிறந்து, பழம் பிரெஞ்சு மொழியின் வழியாக ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலம் புகுந்தது. மானத்தையும் மதிப்பையும் குறிக்கும் ‘ஆனர்’ என்பது இதற்கு உடன்பிறப்பு. தொடக்கத்தில் ‘ஆனஸ்ட்’ என்பதற்கு ‘மதிக்கத்தக்க’ என்பதே பொருள். பின்னர் அது ‘தகுதியான, சீரிய’ என விரிந்து, மகளிரைக் குறிக்குமிடத்துக் ‘கற்புடைய’ எனவும், ஆடவரைக் குறிக்குமிடத்துப் ‘பொய்யும் களவும் இல்லாத’ எனவும் பிரிந்தது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் வேறொரு வழக்கும் இருந்தது. உயர்ந்தோர் தம்மிற் தாழ்ந்தோரைத் தட்டிக்கொடுப்பது போன்று ‘ஆனஸ்ட்’ என அடைகொடுத்து அழைப்பர். இவ்வடையில் பாராட்டும் உண்டு. ‘நீ உன் இடத்தில் இருந்து நன்கு பணிபுரிகின்றாய்’ என்னும் எல்லையிடலும் உண்டு. பெருமையைக் குறித்துப் பிறந்த சொல் பெருமையில்லாதாரை அடக்கி வைக்கும் சொல்லாகவும் ஆயிற்று. ஆகவே நாடகம் தோன்றிய காலத்தில் இச்சொல்லில் மதிப்பு, கற்பு, வாய்மை, மேலோரின் கனிவு என்னும் நான்கும் ஒருங்கே வாழ்ந்தன. இக்காலத்தார் செவிக்கு வாய்மை ஒன்றே முதலில் எட்டும்; ஏனையவற்றை முயன்றே மீட்டுக்கொள்ளல் வேண்டும்.

3. இரு திறனாய்வாளர்

இந்நாடகத்தில் இச்சொல்லின் ஆட்சியை விரிவாக ஆராய்ந்தவர் வில்லியம் எம்ப்சன் (1906–1984). அவர் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சிக்கற் சொற்களின் அமைப்பு’ எனப் பெயர்க்கத்தக்க நூலில், பெயரடையும் அதன் பெயர்ச்சொல்லும் சேர்ந்து ஒதெல்லோவில் 52 இடங்களில் வருகின்றன எனக் கணக்கிட்டார். ஒரு சொல்லின் பொருள்கள் தனித்தனி அறைகளில் வாழ்வனவல்ல; ஒன்று மற்றொன்றனைத் தன்னுள் அடக்கி, ‘இது மெய்யாயின் அதுவும் மெய்’ எனக் கேட்போனை நம்பவைக்கும் ஆற்றலுடையன என்பது அவர் கொள்கையின் சாரம்.

சி. எஸ். லூயிஸ் (1898–1963) 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட சொல்லாய்வு நூலில் இதற்கு மறுதலையான உண்மையை வற்புறுத்தினார். பேச்சின் சூழல் வேண்டாத பொருள்களை விலக்கி நிறுத்தும் ஆற்றலுடையது. அவ்வாற்றல் இல்லையேல் மாந்தர் உரையாடலே இயலாது என்பது அவர் கருத்து. எம்ப்சன் பொருள்கள் கசிவதைக் காட்டினார். லூயிஸ் அவை கசியாமல் தடுக்கும் சுவரைக் காட்டினார்.

இவ்விரண்டும் உண்மையே. ஆயின் எப்போது சுவர் நிற்கும், எப்போது கசியும் என்பதனை வரையறுத்தாலன்றி இவற்றால் பயனில்லை. அவ்வரையறையைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தந்துள்ளார் என்பது எம் துணிபு. பலபொருள் ஒருசொல்லை அவர் இருவகைப்படுத்துகின்றார். ஒன்று வினைவேறுபடூஉம் பலபொருள் ஒருசொல்; மற்றொன்று வினைவேறுபடாஅப் பலபொருள் ஒருசொல். ‘மா பூத்தது’ என்புழி மரம் என்பது வினையால் விளங்கும். ‘மா ஓடிற்று’ என்புழி விலங்கு என்பது விளங்கும். ‘மா வீழ்ந்தது’ என்புழி எதுவும் விளங்காது. முதல் வகையை வினையும் இனமும் சார்பும் தெளிவிக்கும். இரண்டாம் வகையைச் சொல்லுவோனே கிளந்து கூறல் வேண்டும். ஒன்றைக் கருத்திற் குறித்தவன் அதனைத் தெரித்து மொழிதல் கடன் என மற்றொரு விதியும் அவ்வியலில் உண்டு. லூயிஸ் கூறிய சுவர் முதல் வகைக்குரியது. எம்ப்சன் கூறிய கசிவு இரண்டாம் வகைக்குரியது. தெரித்து மொழிதற்குரிய இடத்தில் வேண்டுமென்றே தெரித்து மொழியாதிருப்பவன் கேட்போனை எங்குக் கொண்டு செல்லக்கூடும் என்பதற்கு இயாகோ சான்றாவான்.

4. நாடகத்தில் சொல்லின் பயணம்

1604ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இலண்டன் அரண்மனையில் நடிக்கப்பெற்ற இந்நாடகத்தின் கதை யாவரும் அறிந்ததே. வெனிசு நாட்டுப் படைத்தலைவனாகிய ஒதெல்லோ, மேற்குடிப் பெண்ணாகிய தெஸ்டிமோனாவை மணக்கின்றான். துணைத்தலைவன் பதவியைக் காசியோவுக்கு அளிக்கின்றான். அப்பதவியை எதிர்நோக்கிய கொடிதாங்கி இயாகோ வெகுண்டு, தெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் தகாத உறவு உண்டென ஒதெல்லோவை நம்பவைக்கின்றான்.

முதற் காட்சியிலேயே இச்சொல் இயாகோவின் வாயில் வருகின்றது. தலைவனுக்காகக் கழுதைபோல் உழைத்து, முதுமையில் துரத்தப்படும் வேலையாட்களை அவன் இகழ்கின்றான். அத்தகைய ‘ஆனஸ்ட்’ ஆட்களைக் கசையால் அடித்தல் வேண்டும் என்கின்றான். பிறர் தனக்கு எவ்வடையைச் சூட்டவிருக்கின்றனரோ அதனை அவன் முன்னரே வெறுத்துவிட்டான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அடுத்து, ஒதெல்லோ மன்றத்தில் தன் மனைவியைச் சைப்ரசுத் தீவிற்கு அழைத்துவரும் பொறுப்பை இயாகோவிடம் ஒப்படைக்கும்போது அவனை அவ்வடையாலேயே குறிக்கின்றான். காசியோவையோ ‘மைக்கேல்’ என முதற்பெயரால் நெருங்கி அழைப்பது அவன் வழக்கம். ஒருவனுக்கு உறவுப்பெயர், மற்றவனுக்குப் பாராட்டு அடை. பதவி யாருக்குப் போயிற்று என்பதனை இவ்விரு விளிகளுமே உணர்த்திவிடுகின்றன. இரண்டாம் அங்கத்தில் காசியோ, தன்னைக் குடிக்கவைத்துக் கெடுத்தவன் இவனே என்பது அறியாது, விடைபெறும்போது அதே அடையால் இவனை விளிக்கின்றான். அவன் அகன்றவுடன் இயாகோ அவனையே ‘ஆனஸ்ட்’ மூடன் என்கின்றான். ஒரு வாயில் நன்றியாக வந்த சொல் மறுவாயில் ஏளனமாகத் திரும்புகின்றது.

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியே நாடகத்தின் நடுநாடி. காசியோவை மீண்டும் பதவியில் அமர்த்துமாறு தெஸ்டிமோனா கணவனிடம் மன்றாடுகின்றாள். அவன் முகம் ‘ஆனஸ்ட்’ முகம் அன்றாயின் தனக்கு முகமறியும் திறனே இல்லை என்கின்றாள். அவள் சென்றபின் இயாகோ காசியோவைப் பற்றி ஐயம் தோன்ற ஏதோ வினவுகின்றான். அவன் ‘ஆனஸ்ட்’ அல்லனோ என ஒதெல்லோ கேட்கின்றான். இயாகோ விடை கூறாது அச்சொல்லையே வினாவாகத் திருப்பித் தருகின்றான். ஒதெல்லோ மீண்டும் கேட்க, அவன் மீண்டும் எதிரொலிக்கின்றான்.

இவ்விடத்தில் ஒதெல்லோ கேட்டது ஆடவன் ஒருவனின் வாய்மை. ஆனால் காசியோவின் வாய்மையில் ஐயம் எழுமாயின், அவ்வையம் யாரை நோக்கிச் செல்லும்? அவன் தெஸ்டிமோனாவிடம் தூது சென்றவன். இப்போது அவள் பரிவுக்கு உரியவன். அவனுடைய வாய்மையின் குறை அவளுடைய கற்பின் குறையாகவே முடியும். ஆண்பாற்கு உரிய பொருளும் பெண்பாற்கு உரிய பொருளும் பிறிதோரிடத்தில் சார்பினால் தெளிவாகப் பிரிந்திருக்கும். ஈண்டுச் சார்பே மயக்கத்திற்கு வாயிலாகின்றது. இயாகோ தெஸ்டிமோனாவின் பெயரைத் தொடவே இல்லை. சொல் தானே அவளிடம் சென்று சேர்கின்றது. சற்று நேரத்தில் ஒதெல்லோ, தெஸ்டிமோனா ‘ஆனஸ்ட்’ என்றே தான் எண்ணுவதாகக் கூறுகின்றான். யாரும் மறுக்காத ஒன்றை அவன் வலிந்து கூறும் அந்நிலையிலேயே ஐயம் முளைத்துவிட்டது என்க. பின்னர், தன் மனைவி அத்தன்மையள் என்றும் அல்லள் என்றும், இயாகோ நேரியன் என்றும் அல்லன் என்றும் தனக்கு ஒருங்கே தோன்றுவதாக அவன் கதறுகின்றான். பலபொருட்சொல்லின் மயக்கம் இப்போது உள்ளத்தின் மயக்கமாகிவிட்டது.

இதன்பின் ஒரு கொடிய துலாக்கோல் அமைகின்றது. ஒரே சொல்லை இருவர் பங்கிட்டுக்கொள்ளல் இயலாது. இயாகோ ‘ஆனஸ்ட்’ ஆயின் தெஸ்டிமோனா ஆகாள். நான்காம் அங்கத்தில் எமிலியா தன் தலைவியின் கற்பிற்குத் தன் ஆன்மாவையே பணயமாக வைக்க முன்வருகின்றாள், பயனில்லை. ஐந்தாம் அங்கத்தில், ஊராரால் பொதுமகள் எனப் பழிக்கப்படும் பியாங்காவும் தன்னைப் பழித்தவளைப் போன்றே தானும் இச்சொல்லுக்கு உரியவள் என வாதிடுகின்றாள். கொலைக்குப் பின் எமிலியா வியந்து வினவும்போதும், தனக்கு உண்மை உரைத்தவன் அவள் கணவனே என்று கூறி ஒதெல்லோ அவனுக்கு அவ்வடையை அடுக்கிச் சூட்டுகின்றான். வஞ்சகம் வெளிப்பட்டு, வாளையும் இழந்து நிற்கும்போது, ‘ஆனஸ்டி’ போனபின் ‘ஆனர்’ ஏன் வாழ்தல் வேண்டும் என அவன் கேட்கின்றான். ஒரு வேரிற் பிறந்து பிரிந்த இரு சொற்களும் அவ்வொரு வினாவில் எதிரெதிர் நிற்கின்றன.

5. எம்ப்சன் கூற்றை மதிப்பிடல்

இச்சொல்லைத் தனியாக எடுத்து நாடகம் முழுவதையும் அதன் வழியே காணலாம் என நிறுவியது எம்ப்சனின் அரிய தொண்டு. அவ்வடையில் மேலோரின் கனிவு மறைந்திருப்பதனையும் அவர் சுட்டியுள்ளார். எனினும் இரண்டு இடங்களில் யாம் அவருடன் உடன்படுவதற்கில்லை.

முதலாவது, அக்காலத்தில் கீழோரிடையே பரவிவந்த, கட்டற்ற மனப்போக்கைப் பாராட்டும் ஒரு வழக்கினை ஷேக்ஸ்பியர் வெறுத்தார் என்றும், அவ்வெறுப்பே இந்நாடகத்தில் இச்சொல் இவ்வாறு அலைக்கழிக்கப்படுவதற்குக் காரணம் என்றும் அவர் கருதுகின்றார். புலவனின் விருப்பு வெறுப்புப் பற்றிய இக்கூற்றுக்கு நாடகத்திற்கு வெளியே சான்று இல்லை. நாடகத்திற்குள் அது வேண்டப்படுவதும் இல்லை. மேலே கண்ட நான்கு பொருள்களே இந்நிகழ்ச்சிகளை விளக்கப் போதியன.

இரண்டாவது, எம்ப்சன் பொருள்களின் உறவைச் சொல்லின் அகத்தே தேடுகின்றார். யாம் அதனைச் சொல்லுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையே தேடுகின்றோம். செய்யுளியலில் கூற்று, கேட்போர், களன், முன்னம் என்பனவற்றைச் செய்யுளின் உறுப்புகளாகத் தொல்காப்பியர் வைத்தது ஆழ்ந்த நோக்குடையது. இன்ன இடத்தில் இன்னார் இன்னார்க்குக் கூறத்தக்க மொழி இது எனக் கேட்போன் உணருமாறு அமைவதே முன்னம். ஒதெல்லோ இயாகோவுக்குக் கூறும்போது இச்சொல் கனிவு. இயாகோ ரொடரிகோவுக்குக் கூறும்போது இகழ்ச்சி. எமிலியா ஒதெல்லோவுக்குக் கூறும்போது சூளுறவு. பியாங்கா எமிலியாவுக்குக் கூறும்போது மானக்குரல். சொல் ஒன்றே; மாறியவை கூற்றும் கேட்போருமே. அகப்பாடல்களில் தலைவி கூற்றையும் பரத்தை கூற்றையும் வேறுபிரித்து உணரும் பயிற்சியுடைய தமிழ் மாணவர்க்கு இம்முறை எளிதிற் கைவரும்.

6. தமிழில் பெயர்த்தல்

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? அகராதியை நாடுவோர்க்கு நேர்மை, வாய்மை, நாணயம், கற்பு எனப் பல கிடைக்கும். இடத்திற்கேற்ப ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுப்பதே சிறந்த முறை எனப் பலரும் கருதுவர். இயாகோவை நேர்மையாளன் என்றும், தெஸ்டிமோனாவைக் கற்புடையாள் என்றும் பெயர்த்தால் ஒவ்வோரிடத்தும் பொருள் சரியாகவே இருக்கும். ஆனால் நாடகம் இறந்துபடும். மூன்றாம் அங்கத்தில் காசியோவின் நேர்மையைப் பற்றிய வினா எவ்வாறு மனைவியின் கற்பைப் பற்றிய ஐயமாயிற்று என்பது தமிழ் கேட்போனுக்கு விளங்காது. ஒதெல்லோ அறிவின்றி ஐயுற்றான் என்றே அவன் கருதுவான். தலைவனின் பெருவீழ்ச்சி வெறும் பேதைமையாகச் சுருங்கும். இடந்தோறும் சரியாகிய மொழிபெயர்ப்பு மொத்தத்தில் பிழையாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லையே நாடகம் முழுவதும் ஆளல் வேண்டும். ‘நாணயம்’ என்பது காசையும் நம்பகத்தையும் குறிக்கும் அழகிய பலபொருட்சொல்லே. ஆயினும் அது பெண்ணின் கற்பைக் குறியாது. ‘உத்தமன், உத்தமி’ என்னும் இணை இருபாற்கும் பொருந்தும். உத்தமி என்றவுடன் கற்பே முன்னிற்கும். ஆனால் அச்சொல் மிக உயர்ந்தது. படைத்தலைவன் தன் கொடிதாங்கியைத் தட்டிக்கொடுக்கும்போது உத்தமன் என விளிக்கமாட்டான். ‘நல்லவன், நல்லவள்’ என்பது போதிய அளவு தாழ்ந்து வருமாயினும் வாய்மையைத் தாங்கும் வலியற்றது.

எஞ்சுவது ‘யோக்கியன்’ என்னும் சொல். பொய்யும் களவும் அற்றவன் யோக்கியன். யோக்கியமான பெண் என்றால் ஒழுக்கம் வழுவாதவள். யோக்கியதை என்றால் தகுதி, மதிப்பு. மேலோர் கீழோரைப் பாராட்டவும் இச்சொல் உதவும், இகழவும் உதவும். யோக்கியன் வருகிறான், செம்பை எடுத்து உள்ளே வை என்னும் பழமொழியில் ஊரார் வைத்துள்ள நகை, இயாகோவின் வாயில் அப்படியே பொருந்துவது. முதல் அங்கத்தில் யோக்கியமான வேலையாட்களை அவன் இகழும்போதும், காசியோவை யோக்கியமான மூடன் என்னும்போதும், தமிழ் கேட்போன் அந்நகையை உடனே அறிவான். காசியோ யோக்கியன் அல்லனோ என்று வினவிய நாவே, தெஸ்டிமோனா யோக்கியமானவள் என்றுதான் நம்புகிறேன் எனக் குழறும்போது, நஞ்சு எவ்வழியே ஏறிற்று என்பதும் அவனுக்குப் புலனாகும்.

இது வடசொல்லாயிற்றே எனத் தடை கூறுவார் உளர். தமிழ்ச்சொல் இருக்க வடசொல்லை வலிந்து புகுத்துதல் எமக்கும் உடன்பாடன்று. ஆயின் இஃது ஆசிரியனின் கட்டுரைக்குரிய சொல்லன்று; மேடையில் நின்று பேசும் மாந்தரின் வாய்ச்சொல். செய்யுட்குரிய சொற்களை நால்வகைப்படுத்திய தொல்காப்பியரே வடசொல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். தூய்மை கருதி நேர்மையையும் கற்பையும் பிரித்தாளின், தமிழ் தூய்மையாக இருக்கும். தெஸ்டிமோனா ஏன் இறந்தாள் என்பது மட்டும் விளங்காமற் போகும். ‘யோக்கியம்’ என்பதும் முற்றும் பொருந்துவதன்று என்பதனையும் மறைத்தற்கில்லை. இறுதி அங்கத்தில் ‘ஆனர்’ என்பதற்கு ஈடாக யோக்கியதையை நிறுத்தினால் போர்வீரனின் மானம் அதில் ஒலிப்பதில்லை. அவ்வோரிடத்தில் மானம் என்றே பெயர்த்து, இரு சொற்களின் வேரொற்றுமையை இழப்பதே தகும் என்பது எம் கருத்து. ஓரிடத்து இழப்பு, நாடகம் முழுவதும் ஓடும் இழையைக் காப்பதற்குக் கொடுக்கும் விலையாகும்.

7. முடிவுரை

பலபொருட்சொல்லை நிகண்டு தொகுக்கின்றது; அகராதி பிரிக்கின்றது; இலக்கணம் தெளிவிக்கின்றது. புலவன் மட்டுமே அதன் பொருள்களை ஒன்றோடொன்று மோதவிடுகின்றான். ஆதலின் ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என எண்ணுவது திறனாய்வின் தொடக்கமேயன்றி முடிவாகாது. யார் யாருக்கு எவ்விடத்துக் கூறினர், எதனைக் கூறாது விட்டனர் எனக் காண்பதே அதன் பணி. தன் கருத்தில் குறித்ததைத் தெரித்து மொழிதல் இலக்கணத்தார்க்கு ஒரு சொன்மரபு. அம்மரபைப் பிழைத்தவன் சொல்லைக் கேட்டவன், பிழைத்தவன் யார் என அறிவதற்கு முன்னே தன் மனைவியைக் கொன்றுவிட்டான். கிளவியாக்கத்தைச் சொல்லிலக்கணம் என்று மட்டும் பயில்வோர் ஒருமுறை ஒதெல்லோவின் மூன்றாம் அங்கத்தை அருகில் வைத்துப் பயில்வாராயின், அச்சிறு விதி எத்துணைப் பெரிய அறத்தைக் காத்து நிற்கின்றது என்பது தெளிவாகும்.